ஒன்றரை லட்சம் இருக்கு, கிளாஸ்ரூமுக்கு என்ன வாங்கலாம்? ஸ்மார்ட் போர்டா, புரொஜெக்டரா, டிவியா, டேப்லெட்டா, இருக்குற போனே போதுமா?

போன மாசத்துல மட்டும் நாலு பேரு ஒரே கேள்விய கேட்டுட்டாங்க. ஒருத்தர் தொடக்கப்பள்ளி ஹெச்எம், இன்னொருத்தர் எஸ்எம்சி, அதாவது பள்ளி மேலாண்மைக் குழுவோட தலைவியா இருக்குற ஒரு அம்மா, மிச்ச ரெண்டு பேரும் பழைய மாணவர்கள், வெளியூர்ல வேலை பாக்குறவங்க, படிச்ச பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது செய்யணும்னு வாட்ஸ்அப் குரூப்ல காசு சேத்து வச்சிருக்காங்க. தொகை ஒரு லட்சத்துல இருந்து ரெண்டு லட்சத்துக்குள்ள. கேள்வி இதுதான்: ஸ்மார்ட் போர்டு வாங்கிடலாமா டீச்சர்?

நான் அரசு நடுநிலைப்பள்ளியில 6, 7, 8-க்கு கணக்கும் அறிவியலும் எடுக்குறேன். கீழ சொல்ற சாமான் எல்லாமே ஏதோ ஒரு வருஷத்துல என் வகுப்புக்குள்ள வந்திருக்கு, சிலது இன்னும் தினமும் ஓடுது, சிலது பீரோவுல பூட்டிக் கெடக்கு. ஏன் ஒண்ணு ஓடுது ஒண்ணு கெடக்குதுன்னு யோசிச்சு யோசிச்சு எனக்கு ஒரு தெளிவு வந்திருக்கு, அத வச்சுத்தான் எழுதுறேன். கடைக்காரர் காட்டுற டெமோவ மட்டும் நம்பி முடிவு எடுத்துடாதீங்க, டெமோ ஏசி ரூம்ல நடக்குது, நம்ம கிளாஸ் அப்படி இல்ல.

ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு. உங்க பள்ளிக்கு அரசாங்கம் ஏற்கனவே என்ன குடுத்திருக்கு, என்ன குடுக்கப் போகுதுன்னு ஹெச்எம்கிட்ட உக்காந்து கேளுங்க. தமிழ்நாட்டுல உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள்ல 6 ஆயிரத்துக்கு மேல ஹைடெக் லேப், அதாவது கம்ப்யூட்டர் லேப் இருக்கு. 2024-ல தொடக்கப்பள்ளிகளுக்கு 22 ஆயிரத்துக்கு மேல ஸ்மார்ட் கிளாஸ்ரூம் அறிவிச்சு வேலை ஆரம்பிச்சாங்க, தொடக்கநிலை ஆசிரியர்கள் கிட்டத்தட்ட 80 ஆயிரம் பேருக்கு டேப்லெட் குடுக்குற திட்டமும் வந்துச்சு. நீங்க காசு சேத்து வாங்குற பொருளே அடுத்த மாசம் லாரியில வந்து இறங்குச்சுன்னா அந்தக் காசு வீண்தானே.

## எத வச்சு எடை போடுறது

எனக்கு அஞ்சு கேள்வி இருக்கு. இதுல முதல் ரெண்டும்தான் ரொம்ப முக்கியம், மிச்சம் மூணும் அந்த ரெண்டும் நடக்குமா நடக்காதான்னு தீர்மானிக்குற கேள்விங்க.

1. எந்தப் பாடம் சாக்பீஸால முட்டி நிக்குது? ஏழாம் வகுப்புல பின்னத்த பின்னத்தால வகுக்கும்போது பிள்ளைங்க முழிக்குறாங்களா, எட்டாவதுல நிலாவோட வளர்பிறை தேய்பிறைய போர்டுல வரைஞ்சா புரிய மாட்டேங்குதா, செல் பிரியுறத படத்துல காட்டினா செத்த படமா தெரியுதா. இந்த மாதிரி ஒரு வருஷத்துல ஒரு ஆசிரியருக்கு பத்துப் பதினஞ்சு இடம் இருக்கும். அந்த லிஸ்ட்ட மொதல்ல எழுதுங்க. லிஸ்ட் இல்லாம பொருள் வாங்குனா பொருளுக்காக பாடம் தேட வேண்டி வரும்.

2. கருவி ஓடும்போது யோசிக்குறது யாரு? பிள்ளை யோசிக்குதா, இல்ல திரை எல்லாத்தையும் சொல்லி முடிச்சுடுதா. அஞ்சு நிமிஷ வீடியோவ முழுசா ஓட விட்டா கிளாஸ் அமைதியா இருக்கும், அத கவனிப்புன்னு நாம நெனச்சுக்குறோம். அதே வீடியோவ ஒண்ணரை நிமிஷத்துல நிறுத்தி "அடுத்து என்ன ஆகும், நோட்டுல எழுது"ன்னு சொன்னா அதுவேற கிளாஸ்.

3. ரெண்டு நிமிஷத்துல ஓடுமா? பீரியடே 40 நிமிஷம். வயர தேடி, ரிமோட்ட தேடி, அப்டேட் முடியுற வரைக்கும் காத்துட்டு இருந்தா பத்து நிமிஷம் போயிடும். மூணு தடவ அப்படி ஆச்சுன்னா நாலாவது தடவ எந்த டீச்சரும் அத தொட மாட்டாங்க. இது சோம்பேறித்தனம் கெடையாது, எதிர்ல 38 பிள்ளைங்க உக்காந்திருக்கும்போது அதுதான் நியாயம்.

4. அஞ்சு வருஷத்துக்கு என்ன செலவு? வாங்குற வெல மட்டும் வெல இல்ல.

5. கரண்டும் நெட்டும் போனா?

## ஸ்மார்ட் போர்டு

அதாவது தொட்டா வேலை செய்யுற பெரிய திரை, 65 இன்ச் 75 இன்ச் அளவுல. நல்ல கம்பெனி பொருள்னா ஒரு லட்சம், அதுக்கு மேலயும் போகும், மலிவா வர்றதும் உண்டு. நல்லா இருக்குற எடம் இருக்கு, மறுக்கல. ஜியோஜீப்ராங்குற இலவச கணக்கு சாஃப்ட்வேர்ல முக்கோணத்தோட முனைய ஒரு பிள்ளை வெரலால இழுக்கும்போது மூணு கோணமும் மாறி மாறி கூட்டுத்தொகை மட்டும் 180-லயே நிக்குறத பாத்தா அது மனசுல ஒட்டிக்கும். வெளிச்சத்துலயும் தெளிவா தெரியும், கடைசி பெஞ்சுக்கும் தெரியும். போர்டுல எழுதுனத சேவ் பண்ணி மறுநாள் அங்க இருந்தே ஆரம்பிக்கலாம்.

ஆனா ஒரு நேரத்துல தொடுறது ஒருத்தர்தான். மிச்சம் 37 பேரு பாத்துட்டு இருப்பாங்க. நடைமுறையில பெரும்பாலான வகுப்புல அத பெரிய டிவியாத்தான் உபயோகிக்குறாங்க, அப்படின்னா டிவிக்கு மூணு மடங்கு காசு குடுத்த மாதிரி.

மறைஞ்சிருக்குற செலவு இதுலதான் ஜாஸ்தி. எங்க பள்ளிக்கு ஒரு நன்கொடையாளர் போர்டு வாங்கிக் குடுத்தாரு, நல்ல மனசுக்காரர், இப்பவும் அவர் மேல மரியாதை இருக்கு. ரெண்டாம் வருஷம் தொடுற இடம் ஒண்ணு எழுதுற இடம் ஒண்ணா விலக ஆரம்பிச்சுச்சு. வித்தவங்களுக்கு போன் போட்டோம், வாரண்டி முடிஞ்சுருச்சு, ஆளு வந்து பாக்குறதுக்கே தனி காசுன்னாங்க, பார்ட் மாத்த சொன்ன தொகைக்கு ஒரு புது டிவி வாங்கிடலாம். அந்தக் காசு எங்ககிட்ட இல்ல. நன்கொடையாளர்கிட்ட மறுபடி போய் நிக்க ஹெச்எம்முக்கு கூச்சம். அதோட அது நின்னு போச்சு. அதனால வாங்குறவங்க அஞ்சு வருஷ பராமரிப்பு ஒப்பந்தத்தையும் சேத்தே விலை பேசுங்க, உங்க மாவட்டத்துல சர்வீஸ் ஆள் இருக்காரான்னு பேர் கேட்டு நம்பர் வாங்கி போன் போட்டே பாத்துடுங்க. அதோட இந்த போர்டுக்குன்னு தனியா பாட சாஃப்ட்வேர் விப்பாங்க, வருஷா வருஷம் சந்தா, நம்ம சமச்சீர் பாடத்தோட அது ஒத்துப் போகுதான்னு ஒரு முழுப் பாடத்த ஓட்டச் சொல்லி பாருங்க.

எப்ப இது சரி: கரண்ட் நிலையா இருக்குற டவுன் பள்ளி, பராமரிக்க காசு வர்ற வழி உறுதியா இருக்கு, அத தினமும் உபயோகிக்குற ஆசிரியர் ரெண்டு மூணு பேராவது ஏற்கனவே இருக்காங்க. இந்த மூணும் இருந்தா வாங்குங்க.

## புரொஜெக்டர்

பெரிய படம் வேணும், ஹால்ல எல்லா வகுப்பையும் சேத்து உக்கார வைக்கணும்னா புரொஜெக்டர்தான். மத்தபடி நம்ம ஊரு வகுப்பறைக்கு இது பொருந்த மாட்டேங்குது. ஜன்னல அடைச்சாத்தான் படம் தெரியும், ஜன்னல அடைச்சா ஏப்ரல் மாசத்துல உள்ள உக்கார முடியாது. பழைய மாடல்ல லாம்ப் சில ஆயிரம் மணி நேரத்துல மங்கிடும், மாத்துறதுக்கு ஆயிரக்கணக்குல ஆகும். எல்இடி, லேசர் மாடல் 20 ஆயிரம் மணி நேரம் வரைக்கும் வரும், வெலையும் கூட. தூசி இன்னொரு எதிரி, ஃபில்டர மாசம் ஒரு தடவ தட்டலைன்னா சூடாகி தானா அணைஞ்சுக்கும்.

இரவல் வாங்க தோதான பொருள் இது. வருஷத்துல நாலு தடவ வேணும்னா பக்கத்து மேல்நிலைப்பள்ளியில கேட்டு வாங்கிக்குங்க, காசு போட வேண்டாம்.

## சாதா டிவியும் ஆசிரியரோட லேப்டாப்பும்

என் ஓட்டு இதுக்குத்தான், ஒளிச்சு வைக்க விரும்பல. 43 இன்ச் டிவி 20, 25 ஆயிரத்துக்குள்ள வந்துடுது, 50 இன்ச் 30 ஆயிரம் பக்கம். கெட்டுப் போனா பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல இருக்குற டிவி மெக்கானிக்கே பாத்துடுவாரு, இது ரொம்பப் பெரிய விஷயம். கரண்டும் கம்மியா இழுக்கும், வீட்டுக்கு வைக்குற இன்வெர்ட்டரே போதும்.

என்ன ஓட்டுறது? கொலராடோ பல்கலைக்கழகத்துல 2002-ல ஆரம்பிச்ச ஃபெட் சிமுலேஷன்கள், அதாவது திரையிலயே செஞ்சு பாக்குற சோதனைகள் இருக்கு, இயற்பியல் நோபல் வாங்குன கார்ல் வீமன் தொடங்குனது. இலவசம். தமிழ்லயும் பல சிமுலேஷன் மொழிபெயர்த்திருக்காங்க, ஒவ்வொண்ணையும் ஒரே ஃபைலா டவுன்லோட் பண்ணி பென்டிரைவ்ல வச்சுக்கலாம், அப்புறம் நெட்டே வேண்டாம். மின்சுற்று பாடத்துக்கு அதுல பேட்டரி, பல்பு, வயர் எல்லாம் இருக்கு. நான் எப்படி எடுக்குறேன்னா, திரையில ரெண்டு பல்ப தொடர்ல மாட்டி வைப்பேன், சுவிட்ச் போட மாட்டேன். "இன்னொரு பல்பு சேத்தா வெளிச்சம் கூடுமா குறையுமா, ஏன்?" நோட்டுல எழுதணும், பக்கத்துல இருக்குற ஆளோட வாதாடணும், கை தூக்கி ஓட்டு போடணும். அதுக்கப்புறம்தான் சுவிட்ச். பாதி கிளாஸ் தப்பா சொல்லியிருக்கும், அந்த நேரத்துல அந்த முகங்கள பாக்கணும், அதுக்காகவே இந்த வேலைக்கு வரலாம். அப்புறம் உண்மையான பல்பும் செல்லும் குடுத்து குழுவுக்கு ஒண்ணா மாட்டச் சொல்லுவேன். திரையில நடந்தது கையில நடக்குதான்னு பாக்காம அந்தப் பாடம் முடியாது.

நம்ம புத்தகத்துலயே க்யூஆர் கோடு இருக்கு, கணக்குப் புத்தகத்துல "இணையச் செயல்பாடு"ன்னு பக்கம் இருக்கு, ஜியோஜீப்ரா லிங்க்கோட. நெறைய பேரு அந்தப் பக்கத்த தாண்டிப் போயிடுறாங்க. டிவி சுவத்துல இருந்தா தாண்டத் தோணாது.

குறை என்ன? டிவி சும்மா இருந்தா படம் ஓட்டத் தோணும். பீரியடுக்கு ஆள் வரலைன்னா கார்ட்டூன் போட்டு உக்கார வைக்குறது நடக்குது, அத யாராவது ஒருத்தர் கண்டிச்சு நிறுத்தணும். அடுத்து சின்ன எழுத்து கடைசி பெஞ்சுக்குத் தெரியாது, 40 பேரு இருந்தா 43 இன்ச் பத்தாது, 50-க்கு மேல போங்க. லேப்டாப் இல்லாம போன்ல இருந்து வயர்லெஸ்ஸா போட்டுக்கலாம்னு நெனக்காதீங்க, நடு பாடத்துல துண்டிச்சுக்கும், எச்டிஎம்ஐ வயரே நம்பிக்கையானது. வயர் எலி கடிக்காம பைப்புக்குள்ள விடுங்க.

எப்ப இது சரி: ஆசிரியர் முன்னாடி நின்னு நடத்துற வகுப்பு, 25-ல இருந்து 45 பிள்ளைங்க, நெட் விட்டு விட்டு வர்ற ஊரு. நம்ம பள்ளிகள்ல பெரும்பாலும் இதானே நெலம.

## டேப்லெட், ஆளுக்கு ஒண்ணோ ரெண்டு பேருக்கு ஒண்ணோ

இதுல கொஞ்ச நேரம் நிக்கணும், ஏன்னா நிஜமாவே நல்லது நடந்த எடமும் இதுதான், காசு ஆத்துல போன எடமும் இதுதான்.

பெரு நாட்டுல பிள்ளைக்கு ஒரு லேப்டாப்னு குடுத்தாங்க. கிராமத்துத் தொடக்கப்பள்ளிகள்ல நடத்துன ஆய்வு 2012-ல வந்துச்சு, கணக்குலயும் மொழிப்பாடத்துலயும் முன்னேற்றமே இல்ல. இந்தப் பக்கம் வதோதரா மாநகராட்சிப் பள்ளிகள்ல நாலாவது பிள்ளைங்களுக்கு, ஒரு கம்ப்யூட்டருக்கு ரெண்டு பேரு, வாரம் ரெண்டு மணி நேரம், கணக்கு விளையாட்டு, கணக்கு மார்க் நல்லாவே ஏறுச்சு. 2007-ல வெளியான ஆய்வு அது, அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ எல்லாம் சேந்து செஞ்சது. ஆனா ஒரு வருஷம் கழிச்சு பாத்தா அந்த ஏத்தத்துல பெரும்பகுதி கரைஞ்சு போயிருந்துச்சு, இத யாரும் எடுத்துச் சொல்றதில்ல. டெல்லியில மைண்ட்ஸ்பார்க்னு ஒரு சாஃப்ட்வேர், ஸ்கூல் முடிஞ்சப்புறம் சென்டர்ல, பிள்ளை எந்த வகுப்புல உக்காந்திருக்குன்னு பாக்காம எந்த நெலையில இருக்குன்னு பாத்து கணக்கு குடுக்கும். நாலரை மாசத்துல கணக்கு, ஹிந்தி ரெண்டுலயும் தெளிவான முன்னேற்றம், 2019-ல வெளியாச்சு.

எனக்கு கண்ணத் திறந்த ஆய்வு குஜராத்ல லீ லிண்டன் 2008-ல செஞ்சது. ஒரே மாதிரி கம்ப்யூட்டர் பாடம், ஒரே தொண்டு நிறுவனத்தோட பள்ளிகள். ஆசிரியர் நடத்துற நேரத்த எடுத்துட்டு அந்த எடத்துல கம்ப்யூட்டர வச்ச எடத்துல பிள்ளைங்க பின்னாடி போனாங்க. பாட நேரத்துல கை வைக்காம கூடுதல் நேரத்துல வச்ச எடத்துல முன்னேறுனாங்க. பாகிஸ்தான் பஞ்சாப்லயும் இதே கததான், ஆசிரியர் கையில வீடியோவும் திரையும் குடுத்தா மார்க் ஏறுது, ஆசிரியர தாண்டி நேரா பிள்ளை கையில குடுத்தா ஏற மாட்டேங்குது. கருவி அதேதான், யாரோட வேலைக்குத் துணையா வருதுங்குறதுலதான் வித்தியாசம்.

இத நம்ம நெலமைக்கு வச்சு பாருங்க. ரெண்டு ஆசிரியர் பள்ளி, அஞ்சு வகுப்பு. ஒரு டீச்சர் ஒண்ணு, ரெண்டு, மூணாம் வகுப்புக்கு எண்ணும் எழுத்தும், அதாவது அடிப்படை வாசிப்பும் கணக்கும் சொல்லிக் குடுக்குற அரசுத் திட்டத்த நடத்திட்டு இருக்காங்க, அரும்பு, மொட்டு, மலர்னு மூணு நெல. மொட்டோட உக்காந்திருக்கும்போது மலர் குழு சும்மா இருக்கு. அந்தக் குழுவுக்கு அஞ்சாறு டேப்லெட்டும் இருபது நிமிஷக் கணக்குப் பயிற்சியும் குடுத்தா அது நிஜமான உதவி, ஏன்னா அந்த இருபது நிமிஷத்துல அங்க ஆசிரியரே இல்ல. அதே டேப்லெட்ட ஒரு முழு ஆசிரியர் நிக்குற எட்டாம் வகுப்புல ஆளுக்கு ஒண்ணு குடுத்தா அது ஆசிரியரோட நேரத்த திங்குது.

மறைஞ்ச செலவு: சார்ஜ். இருபது டேப்லெட்ட ஒரே ரூம்ல சார்ஜ் போட பிளக் எங்க இருக்கு, போட்டுட்டு எடுக்குறது யாரு, ராத்திரி பூட்டுறது யாரு? கண்ணாடி உடையும், பேட்டரி மூணு வருஷத்துல தளரும், ஒவ்வொண்ணுலயும் அக்கவுண்ட், பாஸ்வேர்டு, அப்டேட். ஒரு பொருள் காணாம போனா விளக்கம் எழுதுறது ஹெச்எம், அதுக்குப் பயந்தே பீரோவுல பூட்டி வைக்குறாங்க, அவங்கள குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல. உடைஞ்சா பிள்ளைகிட்டயோ டீச்சர்கிட்டயோ கேக்க மாட்டோம்னு எஸ்எம்சி தீர்மானமே போட்டு எழுதி வைங்க, அப்பத்தான் பொருள் வெளிய வரும். அப்புறம் ஆப்ல பிள்ளையோட முழுப்பேரு, அப்பா நம்பர், போட்டோ எல்லாம் கேட்டா குடுக்காதீங்க, வரிசை எண் போதும்.

பார்வைக் குறைபாடு இருக்குற பிள்ளை ஒண்ணு இருந்தா மட்டும் இந்தக் கணக்கெல்லாம் விடுங்க. அந்தப் பிள்ளைக்கு எழுத்த பெருசாக்குற, வாசிச்சுக் காட்டுற ஒரு டேப்லெட், இல்ல திரையில இருக்குறத வாசிச்சுச் சொல்ற என்விடிஏங்குற சாஃப்ட்வேர் போட்ட ஒரு பழைய லேப்டாப், அதுதான் முதல் செலவு. என்விடிஏ இலவசம், தமிழையும் வாசிக்கும்.

## லேப், அல்லது நெட் இல்லாத சர்வர்

உயர்நிலைப்பள்ளின்னா லேப் ஏற்கனவே இருக்கும், அங்க புதுசா வாங்காதீங்க, டைம்டேபிள மாத்துங்க. லேப்புல ஆன்லைன் தேர்வும் பதிவேத்துற வேலையும் நடக்குற நாள்தான் ஜாஸ்தி, ஒரு வகுப்புக்கு வாரத்துல ஒரு ரெட்டைப் பீரியட் கண்டிப்பா கெடைக்கணும்னு பிடிச்சு வைங்க. ஒத்தப் பீரியட் வேஸ்ட், நடந்து போய் உக்காந்து ஓப்பன் பண்ணவே கால்வாசி போயிடும்.

ஏற்கனவே அஞ்சாறு பழைய லேப்டாப்போ டேப்லெட்டோ இருந்தா கொலிப்ரின்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, லேர்னிங் ஈக்வாலிட்டின்னு ஒரு அமைப்பு செஞ்சது. ராஸ்பெரி பைங்குற கையளவு கம்ப்யூட்டர்ல போட்டு வச்சா அதுவே வைஃபை குடுத்து பாடம், வீடியோ, பயிற்சி எல்லாத்தையும் நெட் இல்லாமலே அனுப்பும். பொருள் செலவு பத்தாயிரத்துக்குள்ள முடிஞ்சுடும். ஆனா ஒரு தடவ உக்காந்து பாடங்கள இறக்கி அடுக்க தெரிஞ்ச ஆள் வேணும், உங்க வகுப்புக்கு வேண்டியது தமிழ்ல எவ்வளவு இருக்குன்னு இறக்குறதுக்கு முன்னாடியே பாத்துக்குங்க. வெளியூர்ல ஐடி வேலை பாக்குற பழைய மாணவர்கள் கேட்டீங்கல்ல, உங்க காச விட இந்த மாதிரி ரெண்டு சனிக்கிழமை எங்களுக்குப் பெருசு.

## ஒரு போன், கொஞ்சம் அட்டை

செலவே இல்லாத வழி. ஆனா பிள்ளைங்க அதிகமா யோசிச்சது இதுலதான்னு நான் நம்புறேன்.

பிளிக்கர்ஸ்னு ஒண்ணு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அட்டை, அதுல கோலம் மாதிரி கட்டம், நாலு பக்கம் நாலு விடை. கேள்வி கேட்டா பிள்ளை விடைய மேல் பக்கமா வச்சுத் தூக்கும், டீச்சர் போன சுத்திக் காட்டுனா யாரு என்ன சொன்னான்னு வந்துடும். பக்கத்துல பாத்து காப்பி அடிக்க முடியாது, ஒவ்வொரு அட்டையும் வேற வேற. பிள்ளைங்ககிட்ட போனே வேண்டாம். வாய் திறக்காத பிள்ளைங்க என்ன நெனக்குறாங்கன்னு எனக்கு முதல் தடவையா தெரிஞ்சது இப்படித்தான். தசமத்துல 0.35 பெருசா 0.4 பெருசான்னு கேட்டா கிளாஸ்ல முக்கால்வாசி 0.35-ன்னு தூக்குனாங்க, கை தூக்கச் சொன்னப்ப எல்லாரும் சரியாச் சொன்ன மாதிரிதான் இருந்துச்சு. அடுத்த நாள் பாடத்தையே மாத்திட்டேன்.

ஃபைஃபாக்ஸ், ஜெர்மனியில ஆகன் பல்கலைக்கழகத்துல செஞ்ச ஆப். போன்ல இருக்குற சென்சார வச்சு சோதனை செய்யலாம். ஒலி பாடத்துக்கு ரெண்டு போன அஞ்சு மீட்டர் தள்ளி தரையில வச்சு, ரெண்டுலயும் சத்தத்துக்கு ஓடுற ஸ்டாப்வாட்ச திறந்து வச்சு, முதல் போன் பக்கத்துல ஒரு பிள்ளை கை தட்டணும், கொஞ்ச நேரம் விட்டு ரெண்டாவது போன் பக்கத்துல இன்னொரு பிள்ளை தட்டணும். ரெண்டு வாட்ச்சுக்கும் நடுவுல கிட்டத்தட்ட 0.029 வினாடி வித்தியாசம் வரும். சத்தம் அஞ்சு மீட்டர் போக, அஞ்சு மீட்டர் வர எடுத்த நேரம் அது. பத்த அதால வகுத்தா ஒலியோட வேகம், வினாடிக்கு 340, 350 மீட்டர் பக்கம் வந்து நிக்கும். புத்தகத்துல இருக்குற எண்ண பள்ளிக்கூட வராண்டாவுல கை தட்டி கண்டுபிடிச்ச பிள்ளை அத மறக்காது. காத்து அடிச்சா, பக்கத்து கிளாஸ் சத்தம் போட்டா தப்பா வரும், ஏன் தப்பா வந்துச்சுன்னு பேசுறதும் பாடம்தான்.

போல்டுஸ்கோப்பையும் சேத்துக்குங்க, ஸ்டான்ஃபோர்டுல மனு பிரகாஷ் குழு செஞ்ச காகித மைக்ராஸ்கோப், 140 மடங்கு பெருசாக்கும், போன் கேமராவுல ஒட்டிக்கலாம். வெங்காயத் தோல் செல்ல குழுவுக்கு ஒண்ணா பாக்கலாம்.

குறை ஒண்ணே ஒண்ணு, அது டீச்சரோட சொந்த போன். அவங்க டேட்டா, அவங்க பேட்டரி, நடுவுல வீட்டுல இருந்து கால் வரும், பள்ளிக்கல்வித் துறையோட இஎம்ஐஎஸ்ல போடுற வருகைப் பதிவும் அதே போன்லதான். தனியா ஒரு போன் பள்ளிக்குன்னு வாங்கிக் குடுத்தா அதுவே பெரிய உபகாரம்.

## பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தா

| | யோசிக்குறது யாரு | ரெண்டு நிமிஷத்துல ஓடுமா | கெட்டா யாரு பாப்பாங்க | எங்க பொருந்தும் |
|---|---|---|---|---|
| ஸ்மார்ட் போர்டு | தொடுற ஒருத்தர் | ஓடும், நல்லா இருக்கும்போது | கம்பெனி ஆள் மட்டும் | பராமரிப்பு காசு உள்ள டவுன் பள்ளி |
| புரொஜெக்டர் | நடத்துறத பொறுத்து | ஓடாது | டவுன்ல சர்வீஸ் கடை | ஹால், விழா |
| டிவி, லேப்டாப் | நடத்துறத பொறுத்து | ஓடும் | உள்ளூர் மெக்கானிக் | பெரும்பாலான வகுப்பு |
| டேப்லெட் | ஒவ்வொரு பிள்ளையும், ஆப் நல்லா இருந்தா | சார்ஜ் இருந்தா | அடிக்கடி செலவு | ஒரே டீச்சர் பல வகுப்பு |
| லேப், சர்வர் | ஒவ்வொரு பிள்ளையும் | ரெட்டைப் பீரியட் வேணும் | தெரிஞ்ச ஆள் வேணும் | உயர்நிலைப்பள்ளி, கூடுதல் நேரம் |
| ஒரு போன், அட்டை | எல்லாரும் | ஓடும் | பெருசா கெட எதுவும் இல்ல | எங்கயும் |

## ஒன்றரை லட்சத்த நான் எப்படி பிரிப்பேன்

ஆறு, ஏழு, எட்டு இருக்குற நடுநிலைப்பள்ளின்னு வச்சுக்குங்க. வெலையெல்லாம் சுமாரா சொல்றது, உங்க ஊர்ல மூணு கடையில கேளுங்க. 50 இன்ச் டிவி ரெண்டு, 60 ஆயிரம். செகண்ட் ஹேண்ட்ல நல்ல லேப்டாப் ஒண்ணு, 25 ஆயிரம். இன்வெர்ட்டரும் பேட்டரியும் 20 ஆயிரம். வயரிங், சுவத்துல மாட்ட ஸ்டாண்டு, பூட்டு போட்ட கம்பிக் கதவு 10 ஆயிரம், திருட்டு போற ஊர்ல இத விட்டுடாதீங்க. ஸ்பீக்கர் 5 ஆயிரம், டிவி ஸ்பீக்கர் மழை பெய்யுற அன்னிக்கு கேக்காது. பல்பு, செல், போல்டுஸ்கோப், அட்டை பிரிண்ட் 5 ஆயிரம். மிச்சம் 25 ஆயிரத்த தொடாம பேங்க்ல போட்டு வைங்க, மூணாம் வருஷம் பேட்டரி போகும்போது அது வேணும். இந்தக் கடைசி வரிய நன்கொடையாளர்கள் ஒத்துக்க மாட்டாங்க, பேரு எழுதி மாட்ட ஒரு பொருள் வேணும்னு நெனப்பாங்க, அவங்கள உக்கார வச்சு எங்க போர்டோட கதைய சொல்லுங்க.

ரெண்டு ஆசிரியர் தொடக்கப்பள்ளின்னா ஒரு டிவிய குறைச்சுட்டு அந்தக் காசுல மூணு டேப்லெட். ஸ்மார்ட் கிளாஸ்ரூம் ஏற்கனவே வந்திருச்சுன்னா டிவியே வேண்டாம், முழுசா இன்வெர்ட்டர், சோதனைப் பொருள், டேப்லெட். பார்வைக் குறைபாடுள்ள பிள்ளை இருந்தா அவங்களுக்கானது எல்லாத்துக்கும் முன்னாடி.

பயிற்சிக்குன்னு காசு ஒதுக்க வேண்டாம், நேரம் ஒதுக்குங்க. ஒரு டீச்சர் எடுக்கும்போது இன்னொருத்தர் பின்னாடி உக்காந்து பாக்கணும், மாசம் ஒரு தடவையாவது. எங்க பள்ளியில டிவிய தொடவே பயந்த தமிழ் டீச்சர் ஒருத்தங்க இப்படித்தான் ஆரம்பிச்சாங்க. இப்ப அவங்க பிள்ளைங்க வாசிக்குறத போன்ல ரெக்கார்டு பண்ணி அவங்களுக்கே போட்டுக் காட்டுறாங்க, எங்க தடுக்குதுன்னு பிள்ளையே கண்டுபிடிச்சு மறுபடி வாசிக்குது. எந்தக் கடையிலயும் விக்காத யோசனை அது. கேரளாவுல லிட்டில் கைட்ஸ்னு 2018-ல ஆரம்பிச்சு பிள்ளைங்களுக்கே கருவிய பாத்துக்க சொல்லிக் குடுத்திருக்காங்க, நாமளும் எட்டாம் வகுப்புல நாலு பேர தேர்ந்தெடுத்து, ரெண்டு பொண்ணு கண்டிப்பா இருக்கணும், வயர் மாட்ட, தூசி தட்ட, அணைக்க பழக்கிட்டா ரெண்டு நிமிஷப் பிரச்சினை பாதி தீந்துடும்.

எஸ்எம்சி கூட்டத்துல ஒரு அம்மா, நூறு நாள் வேலைக்குப் போறவங்க, கேட்டாங்க: "டீச்சர், இத வாங்குனா எம்புள்ளைக்கு கழித்தல் கணக்கு வருமா?" நான் உடனே ஆமான்னு சொல்லல. கழித்தல்ல அவன் எங்க தடுக்குறான்னு அட்டைய வச்சு ரெண்டு வாரத்துல சொல்லிடுறேன், அதுக்கு காசு வேண்டாம், அதுக்கப்புறம் என்ன வாங்குறதுன்னு பேசலாம்னேன். நீங்களும் அப்படியே ஆரம்பிங்க. ரெண்டு வாரம் ஒரு டிவிய யார் வீட்டுல இருந்தாவது இரவல் வாங்கி வைங்க, எத்தன நாள் ஓடுச்சு, எந்தப் பாடத்துக்கு ஓடுச்சுன்னு நோட்டுல குறிங்க. பத்து வேலை நாள்ல நாலு நாள் கூட ஓடலைன்னா கொட்டேஷன் வாங்க வேண்டாம், ஏன் ஓடலைன்னு டீச்சர்கிட்ட உக்காந்து கேளுங்க. பெரும்பாலும் பிளக் பாயிண்ட் இல்லாததோ, அந்த வாரம் அவங்களுக்கு வேற டியூட்டி போட்டதோதான் காரணமா இருக்கும்.